துணைக்கால்

அடையாள அட்டையில் என் பெயர் பிழை.
நான் சந்தனம்.
கச்சேரிக் கிளார்க்கின் பேனா
நடுவில் ஒரு கால் கூடப் போட்டு
சந்தானம் ஆக்கிவிட்டது.
சிங்களத்தில் எலபில்ல, நமக்குத் துணைக்கால்.
திருத்தப் போனால் தோட்டத்தில்
இரண்டு நாள் பேர் விழாது.
கிடக்கட்டும் என்று விட்டேன்.

பிறகு அட்டனில் சாப்பாட்டுக்கடை வேலை.
பேக்கரி மாடியில் பலகை அடித்த அறை.
அவன் என்னோடு பதினோரு நாள் இருந்தான்.
பெயர் ரவீந்திரன் என்றான்,
ஊர் புசல்லாவ என்றான்.

மலையில் அட்டை இரண்டு வகை.
ஒன்று காலில் ஏறும், ஒன்று சட்டைப்பையில்.
இரண்டுமே போன பிறகுதான் தெரியும்.

அவன் கணுக்காலில் ஒன்று ஏறிய அன்று
பதறிப் பிய்த்து இழுத்தான்.
புசல்லாவக்காரன் சவர்க்காரம் தேடியிருப்பான்.
அப்போதே எனக்குத் தெரியும்.
தெரிந்தும் கேட்கவில்லை.
என் பீங்கானையும் சேர்த்துக் கழுவி வைப்பவனிடம்
என்ன கேட்பது?

அவன்தான் கேட்டான்.
அம்மா பெயர், டிவிசன் பெயர்,
எத்தனையாம் நம்பர் லயம்,
கங்காணிக்கு எந்தக் கண் பூ.
சிநேகம் என்று நினைத்தேன்.
மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

பன்னிரண்டாம் நாள் ஆணியில்
அவன் கம்பளிச்சட்டை தொங்கியது.
என் அட்டை இல்லை.

கொழும்பு. ஒரு சந்தி, ஒரு பஸ், மத்தியானம்.
அதற்கு மேல் சொல்ல நான் அங்கே இல்லை.
இருந்ததாகத்தான் பத்திரிகை சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை பாணும் வாழைப்பழமுமாக
வீட்டுக்குப் போனேன்.
லயத்து வாசலில் இழவுக் கூட்டம்.
யாருக்கு என்று கேட்டேன்.
அம்மா என்னைப் பார்த்த பார்வையை
இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.
ஜீப் இன்னும் போயிருக்கவில்லை.

பதினான்கு மாதம்.
எல்லா விசாரணைக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்:
நீ யார்?

உள்ளே ஒரு நாள் பாண் சுற்றி வந்த தாளில்
அந்தப் பட்டியல்.
மேலே தடித்த எழுத்தில் நான், கூடுதல் காலோடு.
கீழே ஒன்பது பேர்.
கடலை விற்ற சீலாவதி.
நகைக்கடைச் சிப்பந்தி தர்மகுலராசா.
கண்டக்டர், பெயர் எண்ணெயில் ஊறிப்போயிருந்தது.
ஒரு பிள்ளைக்கு மட்டும்
‘பாடசாலைச் சீருடை, சுமார் பத்து வயது’.

சமாதானம் வந்த வருடம்
கரட் லொறியில் கிளிநொச்சி போனேன்.
வரிசை வரிசையாய்க் கல். கழுவித் துடைத்த கல்.
அவன் முகத்தைச் சொல்லி விசாரித்தேன்.
ஒரு பொடியன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:
“சில பேருக்குக் கல் வைக்கிறேல்லை அண்ணை.
அதுதான் பெரிய தியாகம்.”
சரி, அவனைப் பெற்றவள் எங்கே விளக்கு வைப்பாள்?
பொடியன் மூட்டைகளை எண்ணத் தொடங்கினான்.

அவனுக்கும் பெயரில்லை, அந்தப் பிள்ளைக்கும் பெயரில்லை.
கொழுந்து நிறுத்த கை இது.
அந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க
இந்தக் கைக்கு வரவில்லை.
ஆனாலும் பனி இறங்கும் ராத்திரிகளில்
அவன் கம்பளிச்சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறேன்.

இந்த மாசி மாதம் புது அட்டைக்குப் போனேன்.
“கொம்பியூட்டரில் நீங்கள் இறந்தவர்” என்றாள்
என் மகள் வயதுப் பிள்ளை.
உயிரோடு இருப்பதற்குக்
கிராம சேவகர் கடிதம் காட்டினேன்.
“எழுத்துப்பிழை இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.”

பின்னால் வரிசை இருமியது.
வெளியே நோர்வுட், நோர்வுட் என்று ஒருவன் கத்தினான்.
காலை எடுத்தால் நான் சந்தனம்,
முத்துக்கருப்பன் மகன்.
எடுத்த கால் எங்கே போய் நிற்கும், மிஸ்?
கேட்கவில்லை.

எடுங்கள் என்றேன்.
ஒரு சொடுக்கு, அவ்வளவுதான்.

படியிறங்கும்போது குனிந்து
கணுக்காலைத் தடவிப் பார்த்தேன்.
ஈரமாக இருந்தது.