ஜன்னல் சீட் கேளு

அமலோ, போன்ல பத்து பர்சன்ட்தான் கீது.
முழுசா சொல்லிடறேன், குறுக்க பேசாத.

ரயில்ல எடமில்ல, திங்கக்கிழமை உனக்கு
ஸ்டான்லியில காலை டியூட்டி. வேற வழி இல்ல.
டிக்கெட் எவ்ளோன்னு மட்டும் கேக்காத.

தூத்துக்குடி ஏர்போர்ட்டுன்னா
மீனம்பாக்கம் மாதிரி நெனச்சிக்காத.
நான் வந்தப்ப
நம்ம காசிமேடு ஏலக்கூடம் அதவிட அகலம்.
இப்ப பெருசா கட்டிட்டாங்கன்னு சொல்றாங்க.
இருக்கட்டும், நான் சொல்றது பழசுதான்.
பயம் மட்டும் அதே சைசுலதான் இருக்கும்.

ரெண்டு மணி நேரம் முன்னாடி வரச் சொல்லுவாங்க.
போயிடு. போனா ஒரு ஆள் இருக்க மாட்டாங்க.
டீ வெலையக் கேட்டுக் கோச்சிக்கினு வெளிய வராத,
திரும்ப உள்ள விட மாட்டான்.

பெட்டிய எடை போட ஒரு பையன் இருப்பான்.
அவனே மைக்குல கூப்பிடுவான்,
அவனே கேட்டுல நின்னு சீட்டக் கிழிப்பான்,
அப்புறம் ஆரஞ்சு சட்டை மாட்டிக்கினு
வெயில்ல ஓடிப்போய் விமானத்துக்குக் கை காட்டுவான்.
அவன் மூஞ்சியப் பார்த்து வெச்சிக்கோ.
அவன் கொட்டாவி விட்டா எல்லாம் சரியா கீதுன்னு அர்த்தம்.

கருவாட்ட மூணு கவர்ல சுத்திப் பெட்டியில போடு.
கொப்பரை விட மாட்டான், ஏன்னு எனக்குத் தெரியாது.
மக்ரூன் மடியில இருக்கட்டும்.

லேட்டுன்னா பதறாத.
நீ ஏறப்போற விமானம்
இங்கேருந்துதான் அங்க வரணும்.
அதுவும் இன்னும் கெளம்பாம
என்ன மாதிரி இங்கயே நின்னுக்கினு இருக்கும்.

பஸ்ஸெல்லாம் கெடையாது, தார் ரோட்டுல நடந்துதான் போகணும்.
ஏணி அஞ்சாறு படி.
முன்னாடி உக்காந்தவங்க ரெண்டு பேர எழுப்பி
பின்னாடி போகச் சொல்லுவாங்க.
உன்னச் சொன்னா வெக்கப்படாத.
ஐஸ் பார மொத்தமும் ஒரு பக்கமா ஏத்தினா
போட்டு இன்னா ஆவும்? அதேதான்.

இப்ப முக்கியமான விஷயம்.
ஜன்னலுக்கு வெளிய விசிறி கீது.
நான் பட்டறையில தட்டி நிமித்தறது மாதிரியேதான்,
ஆனா ஆறு இலை.
மொதல்ல மெதுவா சுத்தும்.
நான் ஒவ்வொன்னா எண்ணினேன்,
எதுலனா வளைவு கீதான்னு பார்த்தேன்.
அப்புறம் வேகம் புடிச்சிது.
காணோம்.
கண்ணு முன்னாடியே ஆறும் காணோம்,
அந்தாண்ட இருந்த பனமரம் தெரியுது.
நல்லா வேலை செஞ்சா காணாமப் போயிடும் போல.
தண்ணிக்குள்ள சுத்தறதால
நான் இத ஒரு நாளும் பார்த்ததில்ல.
இருபத்தேழு வருஷம்.

அப்புறமா?
அப்புறம் கண்ண மூடிக்கினேன்.
மேகம் பஞ்சு மாதிரி இருந்துச்சுன்னு
ஊரெல்லாம் சொன்னேனே, பொய்.
பக்கத்துல ஒரு கணக்கு வாத்தியார்,
கோவில்பட்டிக்காரர்.
அவர் கையப் புடிச்சவன் மீனம்பாக்கத்துலதான் விட்டேன்.
அவரு ஒன்னும் சொல்லல.
அவர் வாட்சு பட்டையோட தடம்
சாயந்திரம் வரைக்கும் என் உள்ளங்கையில இருந்துச்சு.

அதனால நீ வலது பக்கம் ஜன்னல் சீட் கேளு.
கடல் கூடவே வரும்.
மெட்ராஸ் வந்ததும் நம்ம பக்கம் காட்ட மாட்டாங்க,
அடையாறோட திரும்பிடுவாங்க,
அது எப்பவும் அப்படித்தான்.
ஆனா காத்து மாறி, எடம் இல்லாம
ஒரு சுத்து சுத்த வெச்சாங்கன்னா
ஹார்பர் கிரேன் தெரியும், எண்ணூர்ப் புகை தெரியும்,
நடுவுல தேடு.
பட்டறைத் தகரத்து மேல
நீலத் தார்ப்பாய் விரிச்சி வெச்சிருக்கேன்.
நாலு மூலையிலும் ஒடைஞ்ச விசிறி.

தெரியலன்னாலும் பரவால்ல.
எறங்கினதும் மெட்ரோ ஏறு, தண்டையார்பேட்டைக்கு ஒரே வண்டி.
படிக்கட்டுல நிப்பேன்,
மண்ணெண்ணெய் போட்டுக் கையக் கழுவிக்கினு.