மாதிரிப் பெட்டி

வெட்டு மெசின் போன அண்டே
முரசுமோட்டையில் புகை எழும்பும்.
"எரிக்காதேங்கோ, நாங்கள் எடுக்கிறம்" எண்டு
குணநாயகத்தாரின் வரம்பில் நிண்டு கேட்டன்.
நேற்றுவரை நெருப்புக்குக் குடுத்த வைக்கோலுக்கு
அண்டைக்கே ஒரு விலை முளைச்சுது.

சரி. வாங்கினம்.
சுண்ணாம்புத் தண்ணியில் மூண்டு நாள்.
புளிச்ச மணம் தலைமயிரில் ஏறி
பஸ்ஸில் எனக்குப் பக்கத்துச் சீற் எப்பவும் வெறுமை.
இடிச்சு, அலசி, நார் பிரிச்சு
சட்டத்தில் ஊத்தினால்
முதல் பெட்டி அப்பளம்.
ஏழாவது, ஒரு பப்பாசியைத் தாங்கிச்சு.
பதினோராவது ஆறு.
தர்மிகா அதுக்கு மேல ஏறியும் நிண்டவள்.

கொழும்பு முதலாளி போனில் கேட்டார்:
"உக்கும் எண்டதுக்குச் சான்றிதழ் இருக்கோ?"
இல்லை. மாதிரி அனுப்புறம் எண்டு
கட்டிக் கொட்டிலில் வைச்சம்.

விடிய வந்து பார்த்தால்
படலை திறந்து கிடக்குது.
குணநாயகத்தாரின் சிவலை மாடு
கடைசி மூலையைச் சப்பிக்கொண்டு நிக்குது.
மிச்சம்
நாங்கள் ஒட்டின பிளாஸ்டிக் லேபல் மட்டும்.
அதை நாக்கால் தள்ளி
நிலத்தில் விட்டிருந்தது.

ஒரு படம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினன்.
வைக்கோல் காசில் ஒரு பெட்டி கழிக்கச் சொல்லி
குணநாயகத்தாரிட்டையும் கேக்கவேணும்.