இருபத்திரண்டாம் கதவு

மதியம்தான் எல்லாம் புதுசாய் ஏற்றிவிட்டு வந்தேன்
காசிமேட்டு ஐஸ் பேக்டரியின் கணக்குப் பெட்டியில்.
பழைய டிஸ்க் உப்புக்காற்றில் செத்திருந்தது;
கழற்றும்போது திருகாணித் துரு
செதில் செதிலாய் விரலில் ஒட்டியது.
கை கழுவி, டீ குடித்து,
"இனிமே வீட்ல இருந்தே பாத்துக்கறேன்" என்று
கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டும் வந்தேன்.

இரவு பன்னிரண்டே கால்.
கொருக்குப்பேட்டை. மடியில் லேப்டாப்.
பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.
இணைப்பு மறுக்கப்பட்டது.

மறுபடி.
மறுக்கப்பட்டது.

போனில் பியூலா, இரவு ஷிப்ட், பில் போடுகிறவள்:
"மூணு மணிக்கு போட்டுங்க ஐஸ் ஏத்த வந்துரும்கா.
பழைய பாக்கி இல்லாம
யாருக்கு இன்னான்னு பில் போடுவேன்?"
பாக்கி முழுக்க என் மடியில் இருக்கிறது.
அனுப்பத்தான் வழியில்லை.

பிங் அடித்தால் பதில் வருகிறது
பதினோரு மில்லி செகண்டில்.
ஆக, விழித்துத்தான் இருக்கிறது.
மறுப்பு நல்லது, பியூலா.
பதிலே இல்லாமல் காக்க வைத்தால்தான் பயப்படணும்.
என் பின்கோடைப் பார்த்த வங்கி
ஐந்து மாதம் ஒன்றுமே சொல்லவில்லை.
முடியாது என்று சொல்வதற்கும்
கதவுப் பக்கம் ஓர் ஆள் வரவேண்டும்.

நான் எழுத்தெழுத்தாய்ச் சொல்ல
அவள் எழுத்தெழுத்தாய்த் தட்டினாள்.
"அப்படி ஒண்ணு இல்லவே இல்லங்குதுக்கா."
அட.
கதவு வைக்காமல்
வீடு கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

நிறுவினாள். ஓடவிட்டாள்.
இந்த முறை மறுப்பில்லை, எச்சரிக்கை:
இது நீ அறிந்த இயந்திரம் அல்ல,
யாரோ உன்னை ஏமாற்றலாம்.
ஏமாற்றவில்லை. அதே முகவரி, அதே பெட்டி,
உள்ளே மட்டும் வேறு.
ரேகையை அவளை வாசிக்கச் சொல்லி
ஒப்பிட்டுவிட்டு
பழையதன் வரியை என் பட்டியலிலிருந்து எடுத்தேன்.
ஒரே ஒரு வரி. எடுத்தபின்
சற்று நேரம் சும்மா இருந்தேன்.

கடவுச்சொல் கேட்டது.
கொடுத்தேன். அனுமதி இல்லை.
நிதானமாய்க் கொடுத்தேன். அனுமதி இல்லை.
"இங்க அதே தான் போடறேன், தொறக்குதேக்கா."
ஒரே சொல், அங்கே திறக்கிறது, இங்கே இல்லை.
வெளியே கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது,
ஐம்பது பெட்டிக்கு மேல்
எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் தோன்றியது.
"பியூலா, ஒரு வெள்ளைப் பக்கம் தொற.
அதுல பாஸ்வேர்டை அடி. என்ன தெரியுதோ
அப்படியே படி."
படித்தாள். நடுவில் நின்றாள்.
"சுழி போட்ட ஏ வரலக்கா.
ரெண்டு கொசு உக்காந்த மாதிரி
மேல ஏதோ வருது."

மேற்கோள் குறி!
மதியம் அவசரத்தில் கீபோர்டுக்கு
லண்டன்காரன் வரிசையைத் தேர்ந்திருக்கிறேன்.
நான் அழுத்தியது ஒன்று,
அது கேட்டுக்கொண்டது இன்னொன்று.
அங்கே அதே தவறான விசை
அதே தவறான குறியைத் தந்து
சரியாகிக்கொண்டே இருந்திருக்கிறது.

ரெண்டு கொசுவை வைத்துத் தட்டினேன்.
உள்ளே விட்டது.

"வந்துட்டேன்."
"எங்க? இங்க ஒண்ணுமே அசையலையே."
நம்ப வைக்க ஒரு சொல் அனுப்பினேன்.
சிடி தட்டு நாக்கை நீட்டியதாம்.
"ஏசுவே!" என்று கத்தி
ஐஸ் அரைக்கிற சத்தத்தையும் மீறிச் சிரித்தாள்.

ஒன்றே முக்கால்.
பாக்கிகள் ஒவ்வொன்றாய் இறங்கத் தொடங்கின:
சூசை போட், நாற்பத்தாறு பார்.
கன்னியப்பன் போட், பன்னிரண்டு பார், பாதி கட்டியது.
கடவுச்சொல்லை இன்னும் மாற்றவில்லை.
மற்ற எழுத்துகளைச் சொல்ல மாட்டேன்.