இஞ்சேருங்கோ

ஏப்ரலில் பனிக்கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு
அஜாக்ஸ் கேர்லிங் மண்டபத்தை
செவ்வாய்க்கிழமைகளில் நாய்களுக்கு விடுகிறார்கள்.
சிமெந்துத் தரைக்குள் குளிர் இன்னும் குடியிருக்கிறது.
எட்டு வாரம், இருநூற்றுப் பத்து டொலர்,
பதினொரு நாய், பன்னிரண்டு மனிதர்.
மேலதிகமாய் வந்தவர் என்னுடைய ஆள்.
வாங்கில் இருந்து போன் பார்க்கிறார்.

பழக்குகிறவள் டொரீன், ஓய்வுபெற்ற தபால்காரி.
இடது கெண்டைக்காலில் மூன்று கடித் தழும்பு.
பழிவாங்கத்தான் இந்த வேலைக்கு வந்தேன்
என்று முதல் நாளே சொன்னாள்,
சிரிக்காமல்.

எங்களுடையதுக்குப் பெயர் மிக்சர்.
என்ன சாதி என்று
மனிதரிடம் கேட்கக்கூடாத கேள்வியைக்
காப்பகத்தில் நாய்க்காகக் கேட்டேன்.
நீளமாய் ஒரு பட்டியல் வாசித்தார்கள்.
ஓமப்பொடியும் கச்சானும்தான் அதில் இல்லை.

முதல் பாடம், உட்காரச் சொல்வது.
இரண்டாம் பாடம், உட்கார்ந்த இடத்திலேயே வைத்திருப்பது.
இரண்டுக்கும் என்னிடம் ஒரே சொல்:
இரு.
கதிரையைக் காட்டி இரு,
பஸ் வரும்வரை இரு,
காய்ச்சல்காரியின் நெற்றியைத் தொட்டு, சுகமாய் இரு.
எல்லாம் அந்த இரண்டெழுத்துக்குள் இருந்துவிட்டது.
டொரீன் தலையாட்டினாள்:
ஒரு சொல்லுக்கு ஒரு வேலை, நாயிடம் அகராதி இல்லை.
மிக்சரோ இருந்தது,
மற்ற நாய்கள் தண்ணீர் குடிக்கப் போன பிறகும்
எந்த 'இரு' என்று தெரியாமல்
இருந்துகொண்டே இருந்தது.

ஆறடி மூன்றங்குல கோர்ட், இழுவை வண்டி ஓட்டுகிறவர்,
தன் சுவாவாவின் முன்னால் முழந்தாளில் நின்று மன்றாடுவார்.
ஜமெய்க்காக்காரி வெனீஷாவின் ஷெப்பர்ட்
மற்ற நாய்களின் பாடத்தையும் சேர்த்துச் செய்துவிட்டு
எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்க்கும்.

என் குறை வேறு. குரல் எழும்பாது.
பதினெட்டு வருடம் மருந்துக்கடைக் கவுண்டரில்
மன்னிக்கவும் என்று தொடங்காமல்
நான் ஒரு வசனம் பேசியதில்லை.
டொரீன் நாயை விட்டுவிட்டு எனக்குப் பாடம் எடுத்தாள்.
தோளை நிமிர்த்து.
கேள்வி மாதிரிக் கேட்காதே.
ஒருதரம் சொல்லு, பிறகு வாயை மூடு.
உடனே கீழ்ப்படிந்தேன்.
ஈரல் துண்டு தரவில்லை.

ஆறாம் வாரம், கூப்பிட்டால் வரவேண்டும்.
மண்டபத்தின் அந்தத் தொங்கலில் மிக்சர்,
இந்தத் தொங்கலில் நான்,
இடையில் பத்து நாய்களின் வாசம்.

மிக்சர், என்றேன். நூலகக் குரல்.
அது மின்விளக்கைப் பார்த்தது.
மிக்சர், வா.
கோர்டின் சப்பாத்தை மணந்தது.
டொரீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்,
யாரோ தொண்டையைச் செருமினார்கள்,
எனக்கு முகம் கொதித்தது.
அப்போதுதான் வந்தது, அடிவயிற்றிலிருந்து,
இறக்கிவைத்த கறி ஆறிக்கொண்டிருக்க
மேல்மாடிக்கு எறிகிற அந்தக் குரல்:

இஞ்சேருங்கோ!

தகரக் கூரை ஒருதரம் திருப்பிச் சொன்னது.
காது பின்னால் மடிய, நகம் சிமெந்தில் வழுக்க
ஷெப்பர்டைத் தாண்டிப் பறந்து வந்தது மிக்சர்.
யோசித்தால், வீட்டில்
அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் சாப்பாடு,
அதைக் கேட்டுக் குசினிக்கு முதலில் வருவது
எப்போதும் நாய்தான்.

என்ன மொழி, என்ன அர்த்தம் என்று
பேனையைத் திறந்தாள் டொரீன்.
அர்த்தமென்று ஒன்றுமில்லை, என்றேன்,
பெயர் சொல்லாமல் கூப்பிடுவது.
எழுத்தெழுத்தாய்க் கேட்டு எழுதினாள், பிழையாக.

திரும்பிப் பார்க்கிறேன்.
வாங்கில் இருந்தவரும் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு
நேரே வந்து நிற்கிறார்,
எதற்கு வந்தோமென்று தெரியாத முகத்தோடு.

ஒன்று இருக்கிறது, ஒருவர் நிற்கிறார்.
என் கையில் ஒரேயொரு ஈரல் துண்டு.