தூங்கிய நேரம் என்னும் கட்டம்

அரவேணுவில் ஜூலை மாதம்
காகிதம் தானாகவே வியர்க்கும்.
லாரி ஆபீசின் தகர அலமாரியில்
பதினொரு டிரைவர்கள்
பதினொரு பச்சைக் கோப்புகளாக நிற்கிறார்கள்.
உரிமம், பேட்ஜ், மலைப்பாதை அனுமதி,
கண் சோதனைச் சான்று, ரத்த வகை,
ஏதாவது ஆனால் வீட்டில் யாரிடம் சொல்வது
என்பதற்கு ஒரு போன் நம்பர்.
அந்தக் கடைசி வரியை மட்டும்
யாரும் சரிபார்க்க வருவதில்லை.
மாதம் ஒருமுறை நானே அழைத்துப் பார்க்கிறேன்.
"ஒண்ணுமில்லீங்க, நம்பர் இருக்கான்னுதான்" என்பதற்குள்
எதிர்முனையில் ஒருத்தி
தரையில் உட்கார்ந்துவிடுவது கேட்கும்.

பூஞ்சை முதலில் பசையைத் தின்னும்,
பிறகு முகத்தை.
ஆறாம் கோப்பில் இன்பசேகரனுக்கு
மூக்குவரைதான் மீதி.
இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் வைத்து
மேலே ஒரு பழைய வேட்டித் துண்டு விரித்து
சட்டத்தைத் தேய்த்துக் காயவைக்கிறேன்.

தினப்பதிவில் ஒரு கட்டம் உண்டு:
தூங்கிய நேரம்.
ஏழு. ஏழு. ஏழு. ஏழு.
ஒரே பேனா, ஒரே சாய்வு,
மாதக் கடைசியில் ஒரு டீ ஆறுவதற்குள்
எழுதி முடித்த ஏழுகள்.
பின்னால் குத்தியிருக்கும் செக்போஸ்ட் சீட்டோ
குஞ்சப்பனை, இரவு இரண்டு நாற்பது என்கிறது.

போஜ கவுடர் வாசலில் நின்றபடியே கேட்டார்:
"நாளைக்கு ஆய்வு. எல்லாம் கிளியர்தானே?"
அவர் வாயில் கிளியர் என்பது
கேள்விக்குறி ஒட்டிய கட்டளை.

ஒன்று மட்டும் கிளியர் இல்லை.
பதினொன்று. மருதவீரன்.
கண் சான்று 9-6 உடன் முடிந்துபோனது.
6 ஐ 8 ஆக்க ஒரு சுழி போதும்.
மை உடன்படும். மை எதற்கும் உடன்படும்.

கூப்பிட்டேன். ரெயின்கோட் சொட்டச் சொட்ட வந்தார்.
ஆஸ்பத்திரிச் சுவர் அட்டையின் கடைசி வரியை
நான் கேட்காமலே ஒப்பித்தார்:
ட, ப, ம, ய, ர, ல.
அட்டை இங்கே இல்லை என்பதைப் பற்றி
இருவருமே பேசவில்லை.

சுவரில் உரக்கடைக் காலண்டர் தொங்கியது.
"இன்னைக்கு ராகுகாலம் எப்பண்ணே?" என்றேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"மிஸ்ட்டு உள்ள வந்துடுச்சும்மா."
ஜன்னல் சாத்தியிருந்தது.

தட்டப்பள்ளத்து வளைவில்
எதிரே ஏறிவரும் பஸ்ஸின் விளக்கு
அவருக்கு ஒன்றா, இரண்டா,
நனைந்த பூசணிப்பூவா
என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.
பலகையிலிருந்து நாற்பத்து மூன்றாம் வண்டிச் சாவியைக் கழற்றி
என் டிபன் பாக்ஸில் போட்டு மூடினேன்.

கேரட் ஏற்றிய வண்டி முற்றத்தில் நின்றது.
கவுடரின் சத்தம் எதிர்ச்சரிவுத் தேயிலைவரை போய்த் திரும்பியது.
மறுநாள் ஆய்வாளர் புரட்டினார்.
"காலாவதி. வண்டி தரப்படவில்லை" என்று
நான் எழுதியதன் கீழே ஒரு டிக்.
காபியில் பாதி குடித்தார். அவ்வளவுதான்.
ஏழுகளை அவர் எண்ணவில்லை.
நான் எண்ணி வைத்திருந்தேன்.
சொல்லவில்லை.

மருதவீரன் பதினேழு நாள் என்னோடு பேசவில்லை.
பதினேழு நாள் கூலியும் ஒரு கட்டம்தான்;
அதற்கு என் பதிவேட்டில் தலைப்பு இல்லை.

பிறகு சான்று வந்தது:
கண்ணாடியுடன் ஓட்டத் தகுதி.
புதுப் போட்டோவில்
எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டவர்போல
கோபமாக இருந்தார்.

நேற்றைய தினப்பதிவு இதோ மேசையில்.
தூங்கிய நேரம்: நாலே கால்.
பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே வழிந்து,
"முள்ளூர் தாண்டி ஓரங்கட்டினேன்.
எதிர் லைட் ரெண்டு தெரிஞ்சுது."

சட்டப்படி நாலே கால் போதாது.
சிவப்பு மையில் வட்டமிட வேண்டும்.
தாள் இன்னும் ஈரம்.
முதலில் இதைக் காயவைக்கிறேன்.