நானூற்று இருபது

மதிப்பாய்வுக் குழுவினருக்கு,
உங்கள் கடிதம் கிடைத்தது.
‘உங்கள்மேல் நாங்கள் எந்தக் குற்றமும் சாட்டவில்லை’
என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்.
ஒரே இடத்தில் எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

அக்டோபரில் எண்ணூற்றுத் தொண்ணூறு.
மார்ச்சில் ஆயிரத்து முந்நூற்றுப் பத்து.
நடுவிலுள்ள நானூற்று இருபதுக்கு
முப்பது நாளில் நான் கணக்குக் காட்ட வேண்டும்.
இல்லையென்றால் ரத்து.
கட்டணத்தைத் திருப்பித் தருவீர்களாம்.
நன்றி.

என் பெயர் இட்ஸெல் பராஹாஸ்.
வயது பத்தொன்பது. ஊர் ஐடஹோவில் பர்லி.
ஊரைத் தெரியாவிட்டாலும்
எங்கள் உருளைக்கிழங்கை நீங்கள் தின்றிருப்பீர்கள்.
வறுவலுக்குப் போகும் கிழங்கு
ரப்பர் பட்டையில் ஓடிவரும்.
பச்சை பிடித்ததைப் பொறுக்கி எறிய வேண்டும்.
இரவு பத்து முதல் காலை ஆறரை வரை
அதுதான் என் வேலை.

அக்டோபர் தேர்வு ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு.
காரிலேயே சட்டை மாற்றிக்கொண்டு போனேன்.
காதடைப்பானைக் கழற்றிய பிறகும்
காதுக்குள் பட்டை ஓடிக்கொண்டிருந்தது.
வாசிப்புப் பகுதியில் தேனீக்களைப் பற்றி ஒரு பத்தி.
முதல் வரியை ஆறு தரம் படித்தேன்.
ஏழாவது தரம்
தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டையில் வந்தன.
பச்சையாக இருந்தவற்றை எறிந்தேன்.
கண்காணிப்பாளர் திரு. க்விக்லி
மேசையைத் தட்டி எழுப்பினார்.
அவரைக் கேட்டுப் பாருங்கள்.

ஜனவரியில் பட்டை நின்றது.
நாற்பத்தொரு பேருக்குக் கடிதம் கொடுத்தார்கள்,
உங்களுடையதைப் போலவே மரியாதையான கடிதம்.
முதல் வாரம் தூங்கினேன்.
இரண்டாம் வாரமும் தூங்கினேன்.
மூன்றாம் வாரம் எழுந்து உட்கார்ந்தபோது
போன வருடம் முகம் கொடுக்காத சமன்பாடு
வா என்றது.

பயிற்சி மையம் எது என்று கேட்டிருக்கிறீர்கள்.
ஊர் நூலகம், ஹீட்டரை ஒட்டிய மேசை.
அந்த இரண்டு மாத வாடகையை
என் அண்ணன் எஃப்ரெயின் கட்டினான்.
நானூற்று இருபதில் அவன் பங்கு எத்தனை என்று
உங்கள் இயந்திரத்தால் பிரித்துச் சொல்ல முடியுமா?

‘மறுதேர்வு’ என்ற கட்டத்தை நான் நிரப்பவில்லை.
காரணம் சொல்கிறேன்.
ஏப்ரலில் பட்டை மறுபடி ஓடத் தொடங்கியது.
கூப்பிட்டார்கள், போனேன்.
நீங்கள் குறித்த நாளும் சனிக்கிழமை,
ட்வின் ஃபால்ஸில், காலை எட்டு மணி.
ஆறரைக்குக் கிளம்பினால் வந்துவிடலாம்தான்.
வருவேன். தேனீக்களும் வரும்.
அதே எண்ணூற்றுத் தொண்ணூறு வரும்.
பார்த்தாயா என்பீர்கள்.

விழுந்தபோது யாரும் என்னை விசாரிக்கவில்லை.
அந்த எண் என்னுடையதுதானா என்று
எந்தக் குழுவும் கூடவில்லை.
ஏதாவது ஒன்றை ரத்து செய்தே தீர வேண்டுமென்றால்
முதலாவதைச் செய்யுங்கள்.
அன்று அந்த நாற்காலியில் இருந்தது நானில்லை.
ஆள்மாறாட்டம் நடந்தது
அன்றுதான்.

இணைப்பு: நேர அட்டைகள் பதினொன்று,
பணிநீக்கக் கடிதம்,
நூலகத்தில் நான் கையெழுத்திட்ட பக்கங்கள்.

மற்றபடி உங்கள் வேலை எனக்குப் புரியாமலில்லை.
ஒரு கிழங்குக்கு ஒரு நொடிகூடக் கிடையாது.
சந்தேகம் வந்தால் எறி, அதுதான் விதி.
நல்லதையும் எறிந்திருக்கிறேன்.
தொட்டியில் விழும் சத்தத்தில்
நல்லது கெட்டது தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை
எறிந்த ஒன்றைக் குனிந்து எடுத்து
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
பச்சையில்லை. விளக்கின் நிறம்.
அதற்குள் முப்பது நாற்பது கிழங்கு
என்னைத் தாண்டிப் போய்விட்டன.

மேற்பார்வையாளர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்.
அதன் நகலையும் இணைத்திருக்கிறேன்.