நாற்பத்தொன்றாவது பதிவு

மணலிக்குப் போகும் டேங்கர் ரயில்
எங்கள் நான்காவது மாடியை
நாளுக்குப் பதினோரு தடவை ஆட்டும்.
அதற்காக மேசைக் கால்களுக்குப்
பழைய டயரை வெட்டி வைத்திருக்கிறோம்.
அந்த டயருக்கு மட்டும் ரசீது இல்லை.

பாதுகாப்புத் துறை பணம் தந்த ஆய்வு.
கண் எட்டாத நீருக்குள்
காதால் படகை அறிய
இயந்திரம் ஒன்றுக்குப் பாடம் நடத்துகிறேன்.
இது விசைப்படகு.
இது துறைமுகத்து இழுவைக் கப்பல்.
இது அனல் மின்நிலையம், படகே இல்லை,
ஓயாத முனகல், மறந்துவிடு.
இப்படியொரு மாணவனை வகுப்பில் நான் கண்டதில்லை.
கடைசி பெஞ்சு கிடையாது, மதிப்பெண் பேரம் கிடையாது.
தெரியாததைத் தெரியாது என்று
கூசாமல் சொல்கிறது.

வீட்டிலும் பேசுவதில்லை என்று
ஏழு பக்கத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன்.
காசிமேட்டு ஏலக்கூடத்தில் அம்மா
என்னைப் பற்றிச் சொல்வது:
"காலேஜ்ல மைக் செட்டு வேலை."
பாதி உண்மை. மறுக்கவில்லை.

சிக்கல் தேசப்பனிடம் தொடங்கியது.
என் அண்ணன்.
பெயரிலேயே தேசத்தை வைத்துக்கொண்டு
கடனில் வாங்கிய ஃபைபர் படகு ஓட்டுகிறவன்.
திருவொற்றியூர்த் தூண்டில் வளைவுக் கல்லில் மோதி
விசிறியின் ஓர் இலை முறிந்தது.
பற்றவைத்து ஓட்டினான்.
அன்றிலிருந்து அவன் படகு
நீருக்கடியில் நொண்டுகிறது.
மேலே இருப்பவர்களுக்குக் கேட்காது.
டக டக டக்... ட்டக்.

அந்த ஒலியைக் கொடுத்தேன்.
இயந்திரம் யோசித்தது. திரையில் விழுந்தது:
அடையாளமற்றது. அறுபத்தொரு சதவீதம்.

அண்ணன் மடியில் கைரேகை அட்டை இருக்கிறது,
பாலித்தீன் உறையில், உப்புப் படாமல்.
தண்ணீருக்குள் அதை
யாரிடம் நீட்டுவான்?

எல்லையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்,
ஒரு எண், தசமப் புள்ளிக்குப் பின்னால்.
விரல் போனது.
போன மதிப்பாய்வில் கமாண்டர் நேகி சொன்னது
நினைவுக்கு வந்தது:
"கெடுதல் செய்ய வருகிறவன்
கப்பலில் வரமாட்டான், மேடம்.
மீன்காரனைப் போலத்தான் வருவான்."
அவர் சொன்னது சரி.
சரியாக இருந்ததுதான் என்னை உறுத்தியது.

விரலை எடுத்துக்கொண்டேன்.
காவலைத் தளர்த்தி
அண்ணனைக் காப்பாற்றக் கூடாது.
அவனைச் சரியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஆறு வாரம்.
விடியுமுன் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே
நீர்க்காதைக் கயிற்றில் இறக்கிவிட்டு நான்;
என்னைச் சுற்றிச் சுற்றி அவன்.
வெறும் படகோடு. டீசல் கணக்கு கல்லூரியில்.
வன்னி ஓடும் நாளில் ஒரு பதிவு,
தெண்டியில் ஒன்று,
சாம்பல் தண்ணீர் ஆற்றிலிருந்து இறங்கும்போது ஒன்று.
"இன்னாமே, வலை போடாம சுத்த வுடுற?
பாக்கறவன் சிரிக்கிறான்."
நாற்பது பதிவு சேர்ந்தது.

மதிப்பாய்வில் நேகி பட்டியலைப் பார்த்தார்.
இருநூற்றுப் பன்னிரண்டு படகு, தலா மூன்று பதிவு.
ஒன்றுக்கு மட்டும் நாற்பது.
"ஏன்?"
"அது நொண்டுகிறது, சார்.
நொண்டுவது குற்றமில்லை என்று
இதற்குத் தெரியவில்லை."
என்னைப் பார்த்தார். டீயைப் பார்த்தார்.
பச்சை மையில் ஒரு கோடு போட்டார்.

அன்று மாலை திரை சொன்னது:
மீன்பிடிப் படகு. தொண்ணூற்றாறு.
டேங்கர் ரயில் போனது, மாடி ஆடியது,
எண் ஆடவில்லை.

சந்தோஷத்தை எங்கே வைப்பது?
ஏழு பக்கமும் வாயை அடைத்தன.
கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு
காரணம் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன்.

தேசப்பன் வாசலில் கிரீஸ் கையோடு,
முகம் முழுக்கச் சிரிப்பு.
"வஞ்சிரம் நல்ல வெலைக்குப் போச்சு.
புது விசிறியே மாட்டிட்டேன்.
இப்ப கேளு, சொம்மா பட்டு மாதிரி ஓடுது."

மைசூர்பாகை அவன் வாயில் திணித்தேன்,
கை அழுக்காக இருந்ததால்.
"நாளைக்கு எத்தனை மணிக்குக் கெளம்புவ?" என்றேன்.
"மறுபடியுமா?" என்றான்
வாய் நிறைய.